கஸ்தூரி எரிக்காத கிளட்ச்

கஸ்தூரி இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. மந்தைவெளியில் காய்கறி வாங்கப் போன இடத்தில், அவர் முன்பு கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீழே ஓரத்தில் கஸ்தூரியின் படம். மேலே, அதைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி முதலாளியின் படம். நடுவில் 'எங்கள் நிறுவனத்தின் தூண், பொறுமையின் சிகரம்' என்று அச்சடித்திருந்தார்கள். தூணை வேலையைவிட்டு விரட்டியவரே கைகூப்பி நிற்கிறார். கிழித்துப் போட்டிருப்பேன். அதில் கஸ்தூரியின் முகமும் இருந்ததால் விட்டேன்.

ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாளே எடுத்துவிட்டார்களாம். மகளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன். கஸ்தூரியிடம் கார் ஓட்டக் கற்ற பெண்கள் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேனரை நம்பாதீர்கள்.

முதலில் அந்தப் பொறுமை. கஸ்தூரிக்குப் பொறுமை என்பதே கிடையாது. ஒரு பெண் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்க, பின்சீட்டில் உட்கார்ந்த கணவர் 'கியரை மாத்து, திருப்பு, திருப்பு' என்று கத்திக்கொண்டே வந்தாராம். லஸ் பக்கம் ஒரு தெருவில் கஸ்தூரி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"நைனா, ஓட்றது அவுங்களா, நீயா?"

"ஹெல்ப் பண்றேன் மேடம்."

"பண்ண வரைக்கும் போதும். எறங்கு. அந்தாண்ட பஸ் ஸ்டாப் கீது."

மனிதர் இறங்கியே விட்டார். என் மெக்கானிக் ஷெட்டில், அந்த ஸ்கூல் காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த என்னிடம் கஸ்தூரி இதைச் சொல்லிச் சிரித்தபோது, என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். மற்றவர்கள் அதிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள். கஸ்தூரி அப்படியில்லை. ஆள் நடமாட்டமில்லாத தெருவுக்கு வண்டியைக் கொண்டுபோவார். வலக்கையை ஹேண்ட் பிரேக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "பாத்துக்கோ, என் காலு ரெண்டும் மேல கீது. இப்ப வண்டி போச்சின்னா நீதான் ஓட்ற" என்பார். உங்களில் பலர் அந்தச் சம்மணத்தைப் பார்த்திருப்பீர்கள். பழகாதவர்கள் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுவார்கள். அது தேயும். அதற்காக நான் அவரோடு சண்டை போடாத மாதம் இல்லை.

"கிளட்ச் எரியுதும்மா."

"எரிஞ்சா மாத்திக்கலாம் அண்ணாத்த. பயத்த எந்த ஷெட்டுல உட்டு மாத்துவ?"

அந்தப் பதில் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. சண்டை சண்டைதான். ஆனால் அவர்மேல் விழுந்த பழி வேறு.

ஸ்கூலில் ஒரு பழைய கார் இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது என்று என் ஷெட்டுக்கு வந்தது. கியர் பாக்ஸை இறக்கினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. அது பிடித்துச் சுழலும் கனமான இரும்புத் தட்டுக்கு ஃப்ளைவீல் என்று பெயர். அதன் முகமெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. லேத்தில் கொடுத்துத் தேய்த்தாலும் தேறாது. அதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றேன்.

"பிளேட்டை மட்டும் போட்டுக் குடுங்க" என்றார் முதலாளி.

"தோசைக்கல்லு வெடிச்சிருந்தா, மாவை மாத்தி என்ன புண்ணியம்? நான் போட மாட்டேன்."

"இதெல்லாம் நீங்க எங்க படிச்சீங்க?"

"காருக்கு அடியில படுத்துத்தான்."

அவர் வண்டியை இழுத்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போனார். அங்கே பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். சீக்கிரமே அதுவும் எரிந்தது. ஆபீசில், கற்றுக்கொள்ள வந்த பெண்கள் எல்லார் முன்னாலும் அவர் கஸ்தூரியைப் பார்த்து, "காலைத் தூக்கி சீட்டுல வச்சுக்கிட்டா வண்டி என்னத்துக்கு ஆகும்? இனிமே வராதீங்க" என்றிருக்கிறார்.

கஸ்தூரி நேரே என்னிடம் வந்தார். அழவில்லை.

"நெசமா சொல்லு அண்ணாத்த. நான் எரிச்சனா?"

"மத்த கார்லயும் கால மேல வச்சிக்கினுதான சொல்லித் தர்ற? அதெல்லாம் ஏன் இப்படி எரியல?"

"அத அந்தாளாண்ட சொல்லு."

சொன்னேன். காதில் வாங்கவில்லை. கஸ்தூரியின் இடத்துக்கு வந்தவர் பெடலிலிருந்து காலை எடுக்காத மனிதர். அவரிடமும் அதே காரில் மறுபடி கிளட்ச் எரிந்தது. அதன் பிறகுதான் முதலாளி வண்டியை மறுபடி என்னிடம் அனுப்பி, "அந்த ஃப்ளைவீலையும் மாத்திடுங்க" என்றார். கழற்றி அவர் முன்னாலேயே வைத்தேன். வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"கஸ்தூரி மேல தப்பு இல்லைன்னு இப்பவாவது தெரியுதா?"

"சரி விடுங்க, ஆனது ஆச்சு."

"போன் பண்ணி அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

அந்த இரும்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனேன். கஸ்தூரி அப்போது அவரவர் வீட்டுக்கே போய், அவரவர் காரிலேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் குறைவில்லை. திரும்ப அங்கே போகும் எண்ணமும் இல்லை. வெடிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லார் எதிர்லயும்தான் சொன்னான். எல்லார் எதிர்லயும் வந்து மன்னிப்பு கேக்க வாணாம். போன்ல ஒரு வார்த்த, கஸ்தூரி உன் மேல தப்பில்லன்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு."

அதற்குப் பிறகு அவரைப் பார்த்தபோதெல்லாம் கேட்டேன். "இன்னும் இல்ல அண்ணாத்த. தொர பிஸியா கீறாரு போல" என்று முதலில் சிரித்தார். பிறகு வெறுமனே தலையசைத்தார். முதலாளியையும் பார்த்தபோதெல்லாம் கேட்டேன். அவர் என் ஷெட்டுக்கு வண்டி அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்.

கஸ்தூரி இறந்து, ராயப்பேட்டையில் மகளைப் பார்த்துவந்த மறுநாள் முதலாளியின் ஆபீசுக்குப் போனேன். "வாங்க, வாங்க. ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

"நீங்க அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்க. எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

"போய்ச் சேந்துட்டாங்க. இப்ப எதுக்குங்க அந்தப் பழசெல்லாம்? அவங்களே மறந்திருப்பாங்க."

மறக்கவில்லை. அவர் மகள் என்னிடம் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதும், "ஸ்கூல்லேர்ந்து யாரனா போன் பண்ணாங்களாடி?" என்று கஸ்தூரி கேட்டிருக்கிறார்.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போக மாட்டேன். போகிறவர்கள் எழுந்து நின்று, அந்த ஒரு வார்த்தையை ஏன் சொல்லவில்லை என்று முதலாளியைக் கேளுங்கள். அன்று ஆபீசில் அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

கஸ்தூரியின் சிரிப்பு அவரிடம் பழகிய எல்லாருக்கும் சொந்தம். அவர் கொடுத்த தைரியம் உங்களோடு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, வராத அந்தப் போனுக்கான காத்திருப்பை. கஸ்தூரியிடம் சொல்ல வேண்டியதை அந்த மனிதர் இனி என்னிடம்தான் சொல்ல வேண்டும். என் எண் அவரிடம் இருக்கிறது.