உப்பில்லாத இலை

போகியன்று காலை எட்டு மணிக்குச் சிரம்பானில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்கு ஐம்பது மைல் சொச்சம். கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு. ஆயுசு முழுக்க ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவன் பஸ்ஸில் போவதா என்று கேட்காதீர்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன தண்டவாளத்தை யுத்த காலத்தில் ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போனான். சுதந்திரம் வந்து பத்துப் பொங்கல் கடந்த பிறகும் யாரும் அதைத் திரும்பப் போட்டபாடில்லை.

படியேறவே எனக்கு மூச்சு வாங்கியது. கண்டக்டர் தமிழ்ப் பையன். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "முன்னாடி குந்துங்கய்யா, குலுங்காது" என்றான். வேண்டாம் என்று பின்னால் போனேன். இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்காராதே என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்ததை அவனுக்கு எங்கே விளக்குவது? நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தான்.

என் வயிற்றுத் தோலுக்கு அடியில் சப்பாத்து பாலிஷ் டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. பேஸ்மேக்கர் என்று பெயர். அதிலிருந்து கம்பி இருதயத்துக்குப் போகிறது. போன வருஷம் சிங்கப்பூரில் வைத்தார்கள். படி ஏறினாலும் சரி, பாயில் படுத்தாலும் சரி, நெஞ்சு ஒரே கணக்கில்தான் அடிக்கும். அதனுள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துபோகும். பொங்கலுக்குள் வந்தால் மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பொங்கல் நாளைக்கு. நான் போகவில்லை. போவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

காரணம் என் மனைவி லெட்சுமி. தினமும் காலையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, சாத்து, டுவா என்று மலாயில் எண்ணுவாள். நாடி குறைந்தால் உடனே கூட்டி வா என்பது டாக்டரின் உத்தரவு. மலாக்காவின் காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டி வீட்டுப் பெண் அவள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தமிழ் கற்றாள். ஆனால் எண்ணுவது மட்டும் கடைசிவரை மலாய்தான். ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள், மூன்றாம் நாள் போய்விட்டாள். வியாதி எனக்கு, போனது அவள். அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட என் நெஞ்சு ஒரு துடிப்பு கூடுதலாக அடிக்கவில்லை. அந்தப் பெட்டியை அன்றைக்கு வெறுத்தேன்.

ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா என்று வழியெல்லாம் ரப்பர் தோட்டம். தம்பினில் பஸ் கால் மணி நேரம் நின்றது. கடைக்காரர் காப்பியோடு உப்புக் கருவாடு போட்ட சோற்றுப் பொட்டலம் ஒன்றை நீட்டினார், வாங்கித் தின்றேன். டாக்டர் எனக்கு உப்பை விலக்கி வைத்திருந்தார். லெட்சுமி போன நாளிலிருந்து அந்தப் பத்தியத்தையும் விட்டாயிற்று. பத்தரை மணிக்கு மலாக்கா வந்து சேர்ந்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து காஜா பேராங் ஒன்றரை மைல் இருக்கும். மூன்று சக்கரத் திரிஷா வண்டிக்கு ஐம்பது காசு. வண்டி மிதித்த சீனக் கிழவர் என்னைவிட மூத்தவர். மேட்டில் அவருக்கு மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து வர எனக்குக் கூச்சமாக இருந்தது. கம்போங் செட்டி என்கிற அவர்கள் குடியிருப்பின் முகப்பில் இறங்கிக்கொண்டேன். யுத்தத்துக்கு முன் மலாக்கா ஸ்டேஷனில் வேலை பார்த்த காலத்தில் மாப்பிள்ளையாக நுழைந்த அதே சந்து. வாசல்களில் மாவிலை தொங்கியது. லெட்சுமியின் தம்பி ராஜாவும் அவன் மனைவி தேவியும் படியிறங்கி வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை ஏற்றினார்கள்.

செட்டிகளுக்குப் போகி என்றால் முன்னோருக்குப் படைக்கும் நாள். பார்ச்சு என்பார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ் கலந்த ஒருவகை மலாய். நான் தமிழில் தருகிறேன். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து, செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை. அவரவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதுவே அவரவர் இலையில். படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. கடைசி இலை, புது இலை, லெட்சுமியுடையது. மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டான் ராஜா. அக்கா என்று கூப்பிடும்போது அவன் குரல் உடைந்தது. பிறகு வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம்.

மெழுகுவர்த்தி கரைந்த பிறகு ராஜா விரலால் கதவைத் தட்டினான். வாழ்கிறவர்கள் வருகிறோம் என்று செத்தவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். பெண்டாட்டியின் இலையில் புருஷன் சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். லெட்சுமியின் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய். ஒரு வாய் வைத்தேன்.

உப்பே இல்லை.

மறந்திருப்பாள் என்று நினைத்துத் தேவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

"அண்ணிக்குன்னு தனிச் சட்டியில பண்ணேன் அபாங்" என்றாள். அபாங் என்றால் அண்ணன்; நாத்தனார் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "போன வருஷம் வந்தப்ப எல்லாத்தையும் உப்பில்லாமத்தானே கேட்டாங்க. இப்ப எனக்கு இதுதான் பிடிக்குதுன்னாங்க."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வாய்க்கு வாய் சொல்லுகிறவள் லெட்சுமி. மாங்காயைக்கூட உப்பில் புரட்டாமல் கடிக்க மாட்டாள். எனக்குப் பத்தியம் என்று ஆனதும் வீட்டு உப்பு ஜாடியை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, என் தட்டில் விழுந்ததையே தன் தட்டிலும் போட்டுக்கொண்டாள். பழகிப்போச்சு என்றாள். நானும் நம்பினேன். செத்த பிறகு முதல் விருந்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், அங்கேயும் என் பத்தியத்தைத்தான் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஐப்பசியில் வராத அழுகையெல்லாம் அந்த இலையின் முன்னால் வந்தது.

"அவளுக்குப் பிடிக்காதும்மா. எனக்காகத் தின்னா" என்றேன். "கொஞ்சம் உப்புப் போட்டு இன்னொரு தடவை படையேன்."

தேவி வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜா முடியாது என்று தலையாட்டினான். கதவைத் தட்டியாயிற்று, அவர்கள் போய்விட்டார்கள், இனி அடுத்த போகிக்குத்தான் என்றான். அப்போதுதான் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பேட்டரி தீரப்போவதையும் நான் போகாமல் இருப்பதையும். ராஜா இலையை என் பக்கம் நகர்த்தினான்.

"நீங்க இருக்கணும்னுதானே அக்கா அதைச் சாப்பிட்டுச்சு" என்றான். "அவ்வளவையும் வீணாக்கிட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அக்காவுக்குப் பக்கத்து இலையில வந்து உக்காருவீங்க?"

காலையிலேயே சிங்கப்பூர் போகிறேன் என்றேன். கேள்வி நியாயமானது.

மறுநாள் பொங்கல். துக்க வருஷம், அந்த வீட்டில் பானை வைக்கவில்லை. காலையில் ராஜா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சாத்து, டுவா என்று முணுமுணுத்தான். அக்காவின் அதே இழுவை. நாடி குறையத் தொடங்கியிருந்தது. ஒன்பது மணிக்குச் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவரிடம் பேசிப் பின்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தான். இரண்டு நாளில் தானும் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னான். தேவி ஒரு சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்தாள். அவள் கண் வீங்கியிருந்தது.

சிங்கப்பூர் நூற்றைம்பது மைல். சிரம்பானில் இந்நேரம் தெருவெல்லாம் பொங்கலோ பொங்கல் என்று கூவிக்கொண்டிருப்பார்கள்; என் வீடு மட்டும் பூட்டிக் கிடக்கும். மூவார் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். தேவி எனக்கு உப்புப் போடவில்லை. எதிரில் உட்கார்ந்து, பழகிப்போச்சு என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.