திருகாணியின் இரண்டு மீட்டர்

அவனைத் திருகாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு இப்படி ஒரு பேரா என்றால், அவன் வேலை செய்வதைப் போய்ப் பாருங்கள். அவனுடையது கையடக்கமான புதுரக மிரர்லெஸ் காமிரா, ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்துவிடும். இவனோ அந்த வசதியை அணைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருப்பான். "கண்ணு எங்க இருக்குன்னு மெஷின் வந்து எனக்குச் சொல்லணுமா?" என்பான். அப்பப்பா, அப்படி ஒரு பிடிவாதம்!

முகம் எடுப்பதற்கென்றே ஒரு நீள லென்ஸ் வைத்திருந்தான். வெளிச்சம் நுழையும் துவாரமான அபர்ச்சரை முழுசாகத் திறந்து எடுத்தால் கண் பளிச்சென்று நிற்கும், காது கரைந்துபோகும். அந்த லென்ஸை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவர்களோடு பேச்சு வார்த்தை கிடையாது.

அவனுடைய அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. சில வருடங்களாக அவளுக்குத் தலை தானாக ஆடும், முன்னும் பின்னுமாக. நரம்புக் கோளாறு, மருந்து கேட்கவில்லை. "லீவு கேட்டு வர்ற பசங்களுக்கு நான் வாயே திறக்க வேண்டாம், தலையே சரின்னு சொல்லிடுது" என்று அவளே சிரிப்பாள். காமிராவைக் கண்டால் மட்டும் அந்தச் சிரிப்பு போய்விடும். ஒருமுறை குடும்பப் படத்தில் எல்லோரும் தெளிவாக இருக்க, அவள் முகம் மட்டும் கலங்கலாக விழுந்தது. யாரோ அதைக் காட்டிக் கேலி செய்தார்கள். அதோடு சரி, பிறகு எந்தப் படத்திலும் அவள் நிற்கவில்லை.

இப்போது அவள் ஓய்வு பெறுகிறாள். பள்ளி அலுவலகச் சுவரில் முன்பிருந்த தலைமையாசிரியர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அடுத்த இடம் அவளுடையது. "சட்டத்துக்குள்ள பேரை மட்டும் எழுதி மாட்டட்டும்" என்றவளைத் தம்பி கெஞ்சிக் கூத்தாடி ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தான்.

"ஒரே ஒரு தடவைதான். படம் சரியா வரலைன்னா மறுபடி என்னைக் கூப்பிடவே கூடாது" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திருகாணி தன் செல்ல லென்ஸை மாட்டினான். ஃபோகஸ் எங்கே விழுகிறதோ அங்கே திரையில் சிவப்புக் கோடு மினுங்கும். கோடு அவள் கண்ணில் வந்தது. விரல் பொத்தானுக்குப் போவதற்குள் தலை பின்னால் போக, கோடு மூக்குக்குத் தாவியது. திருகினான். காதுக்குப் போயிற்று. மறுபடி திருகினான். என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், தினமும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது:

"கொஞ்சம் அசையாம இருங்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பாவி, கூடப்பிறந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது! அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"அக்கா, போகாதே. நீ ஆடறது தப்பில்ல. இந்த லென்ஸுல நூல் அளவு இடம்தான் தெளிவா விழும். அதுக்குள்ள உன்னை அடைக்கப் பார்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் கதவருகே நின்றாள். அவன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்தான். அகலமாகப் பார்க்கும் லென்ஸ். முகத்துக்கு லாயக்கில்லை என்று அவன் ஒதுக்கி வைத்தது. அதன் வளையத்தில் தூரம் மீட்டரில் பொறித்திருந்தது.

"இதுல மூக்கு பெரிசாத் தெரியுமேன்னு எடுக்கறதில்ல."

"எனக்கு இருக்கிற மூக்குதானேடா தெரியும்?"

அப்பாடா, பேசிவிட்டாள். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினான். மூக்கு பெரிதாகத் தெரியாதபடி இரண்டு மீட்டர் தள்ளி நின்று, வளையத்தையும் இரண்டு மீட்டரில் வைத்தான். அபர்ச்சரை நன்றாகச் சுருக்கினான், ஆட்டம் பதியாதபடி ஷட்டரை வேகமாக்கினான். இனி அவள் தலை எவ்வளவு முன்னே வந்தாலும் பின்னே போனாலும் எல்லாம் தெளிவுக்குள்தான். காமிராவை மார்போடு பிடித்துக்கொண்டு, கையை வளையத்திலிருந்து எடுத்தான்.

"திருகலையா?"

"இல்ல. நீ உன் பாட்டுக்கு ஆடு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு கிளிக்.

திரையில் காட்டினான். வெள்ளை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. முகம் அமைதியாக நின்றது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடியில பார்த்தாக்கூட ஆடிக்கிட்டேதான் இருப்பேன். என் முகத்தை நான் ஒழுங்காப் பார்த்தே வருஷக்கணக்காச்சுடா" என்றாள்.

ஒரே ஒரு தடவைதான் என்று அவள் சொன்னது நினைவுக்கு வர, லென்ஸ் மூடியைத் தேடினான்.

"அதுக்குள்ள எதுக்கு மூடற? இன்னொண்ணு எடு" என்றாள் அக்கா. "டைமர் வச்சுட்டு நீயும் வந்து நில்லு."