டொக்டர் வேடத்தில் லண்டன் கிறகரி

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரித்து வந்த கிறகரிக்கு உலகத்தில் எவர் மீதும் தனிப்பட்ட கோபம் கிடையாது. சந்தேகம் மட்டும்தான். அதையும் ஆள் பார்த்து வைக்காமல் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு வந்தார். இரண்டாம் மாடிப் பெண் குப்பைப் பையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினால் உள்ளே என்னவோ இருக்கிறது. ஒற்றை முடிச்சென்றால், இன்றைக்கு மட்டும் ஏன் ஒற்றை? மூலைத் தெப்பனர் கடையில் பால் வாங்கும்போது முன்வரிசைப் பெட்டியை எடுக்கமாட்டார். கடைக்காரன் போன்ஜூர் சொல்லிச் சிரித்துவிட்டால் பின்வரிசையையும் எடுக்கமாட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குத் தமிழ்ச் சுவாமியிடம் போவதில்லை. சுவாமி வாய் திறக்கக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம்தான். ஆனால் சுவாமிக்கு நித்திரையில் பிசத்தும் பழக்கம் இருந்தால்? ஆகவே பக்கத்துக் கோயிலில் காது மந்தமான பிரெஞ்சுச் சுவாமியிடம் போய், பாவத்தைத் தமிழில் சொல்லி, மன்னிப்பைப் பிரெஞ்சில் வாங்கிக்கொண்டு வருவார்.

இப்படிப்பட்ட மனிதரைச் சனம் ஒரு விஷயத்தில் சந்தேகித்தது. அந்த விஷயம் லண்டன்.

யாழ்ப்பாணத்து இளவாலைக்காரரான கிறகரி இருபது வயதில் கணக்கியல் படிக்க லண்டன் போனார், கணக்கியல் ஒத்துவராமல் திரும்பினார் என்பது அவர் தரப்பு வரலாறு. அவர் லண்டனைக் கண்ணாலும் காணவில்லை, அவ்வளவு காலமும் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றவர் என்பது கோயில் வாசல் வரலாறு. லண்டன் கிறகரி என்ற பட்டப்பெயரைச் சனம் சொல்லும்போது உதட்டோரம் சற்று வளைந்துதான் சொல்லும். காட்டுவதற்கு அவரிடம் ஒரு படம்கூட இல்லை. சண்டைக்குள் ஓடிய ஓட்டத்தில் எல்லாம் போய்விட்டது.

சந்தேகத்துக்கு அவரும் உரம் போட்டார். லண்டனில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தவராம். கனடாவுக்கு வந்த புதிதில், "ஒரு ஆசுபத்திரி நாடகத்திலை நானும் இருந்தனான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு டொக்டருக்குப் பக்கத்தில் நின்றவரானார். பிறகு அவரே டொக்டரானார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது கதாநாயகி அவருடைய கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். இந்தப் பதவி உயர்வுக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பத்திரிகைச் செய்தி. அறுபதுகளில் நாடா விலை அதிகம் என்பதால், லண்டனில் ஒளிபரப்பான நாடகங்கள் பலவற்றை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்களாம். யார் வந்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

கோயில் பங்கில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த இன்னொரு சூது, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழனைப் பற்றியது. அன்று தமிழ்ப் பூசையில் சுவாமி பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாக உட்காரவைத்துக் கால் கழுவுவார். கிறகரிக்கு வருடா வருடம் இடம் உண்டு, ஆனால் எப்போதும் கடைசிக் கதிரை. அது யூதாசுடையதாக இருக்குமோ? ஒரு வருடம் முந்திப்போய் முதல் கதிரையில் உட்கார்ந்து பார்த்தார். சுவாமி அந்த வருடம் மறுகோடியிலிருந்து கழுவத் தொடங்கினார். அதோடு கிறகரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இந்த அரசியல் தெரியாது. அவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பது அவருடைய இடது காலை. அதில் இரண்டாம் விரல், தோளில் கை போட்ட கூட்டாளி மாதிரிப் பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறவியிலேயே அப்படி.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மகள் ஜெயனிக்குக் கலியாணப் பேச்சு எழுந்தது. அவள் ஒரு கார்தெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கும் றஜிந்தனோடு மெற்றோவில் பழக்கம். பழக்கம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து பேச்சாக மாறியதும், றஜிந்தனின் தாய், அதே தமிழ்ப் பூசைக்கு வரும் றோசலின், ஒரே வசனம்தான் சொன்னார்.

"விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"அவரின்ரை அம்மா நோ எண்டால் அவருக்கும் நோ தான் அப்பா," என்றாள் ஜெயனி. "கொஞ்ச நாளைக்கு நோர்மலா இருங்கோ. சில் வூ ப்ளே." பிரெஞ்சில் கெஞ்சும்போதே அழுதுவிட்டாள். தன் பிள்ளையின் அழுகையை மட்டும் கிறகரி ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

விசாரணை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவர்கள் ஒருபோதும் நேரே வரமாட்டார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் சம்பந்தமில்லாத காரணத்தோடு வருவார். இளவாலையில் காணி விலைக்கு வருமோ என்று கேட்க வந்தவர், தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது பெண்ணின் பல்வரிசை வரை அறிந்துகொண்டு போவார். வந்த காரணம் எவ்வளவு அந்நியமோ, வந்தவர் அவ்வளவுக்கு விசாரணைக்காரர். இதுதான் கிறகரியின் கணக்கு.

இந்த நேரம் பார்த்துத்தான் பார்கவி வந்து மணியை அழுத்தினாள்.

"சார், நான் பார்கவி. சென்னைலேர்ந்து படிக்க வந்திருக்கேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூல ஒரு காலேஜ் ஸ்டோர் ரூம்ல பழைய பிரிட்டிஷ் படமெல்லாம் கெடக்கு. அறுபதுகள்ல எடுத்த குறும்படம், டாக்குமெண்டரி, டிவி நாடகம். அதையெல்லாம் நான்தான் தரம் பிரிக்கிறேன். தமிழ்க் கடைல சாமான் வாங்கும்போது இதச் சொன்னேன். லண்டன்ல ஆஸ்பத்திரி நாடகத்துல நடிச்சவர்னு உடனே உங்க பேரச் சொன்னாங்க."

"ஆர் சொன்னது?"

"பேர் தெரியல சார். கல்லால உக்காந்திருந்தவர்."

கிறகரி மனைவி இமெல்டாவைப் பார்த்தார். விசாரணை கடையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

"அறுபதுகள்ல லண்டன்ல எங்க தங்கியிருந்தீங்க சார்? யார் கூட?"

கிறகரி மறுபடியும் இமெல்டாவைப் பார்த்தார். ஆரோடை என்பதும் விசாரணைக்காரரின் கேள்விதான். எப்படியும் அழிந்ததுதானே என்று நாடகத்தின் பெயரை மட்டும் உள்ளபடி சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள்.

"அந்த நாடகத்துல என்ன ரோல் சார்?"

"இஞ்சேருங்கோ, அளவாக் கதையுங்கோ," என்றார் இமெல்டா, தேத்தண்ணியை வைத்தபடி.

அளவாகக் கதைக்கிற இடமா இது? மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற செய்தி. "டொக்டர்," என்றார் கிறகரி. போதாது போல் இருந்தது. "பெரிய டொக்டர்."

"டயலாக் இருந்துச்சா?"

"கதைச்சுக் களைச்சுப்போனன், பிள்ளை."

பார்கவியின் கண்கள் விரிந்தன. "அந்தக் காலத்துல, அந்த ஊர்ல, ஒரு தமிழருக்கு டாக்டர் ரோல். எவ்ளோ பெரிய விஷயம் சார்."

அவள் போனதும் கிறகரி யன்னல் சீலையை விலக்கி, பஸ் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். "றோசலின் அனுப்பின ஆள்."

"அது சென்னைப் பிள்ளை. றோசலினுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?"

"தொடர்பில்லாத ஆளைத்தானே அனுப்புவினம். உமக்கு ஒண்டும் விளங்காது."

சில ஞாயிறுகளுக்குப் பிறகு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் அறிவித்தல் பலகைக்கு முன்னால் றோசலின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் அறுபதுகளின் பிரிட்டிஷ் படங்கள் காட்டப்படும். இறுதியில் ஒரு தொலைக்காட்சி நாடகம். அதில் டொக்டர் வேடத்தில் நடித்த திரு. கிறகரி நேரில் வந்து உரையாற்றுவார். அவருடைய சனம் பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று பார்கவியே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாள்.

"அண்ணை, நாங்களும் வாறம்," என்றார் றோசலின். "விசாரிக்கிறதுக்கு உதுக்கு மேலை என்ன இருக்கு?"

அப்போதுதான் கிறகரிக்கு உண்மை உறைத்தது. அந்தப் பிள்ளை நிஜமாகவே படிக்கிற பிள்ளை. அவள் சொன்ன காரணம் நிஜமான காரணம். வாழ்க்கையில் இதற்கு அவர் தயாராகவே இருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் தொலைபேசியை எடுத்தார். "பிள்ளை, லண்டனிலை அதையெல்லாம் அழிச்சுப்போட்டினமெல்லே?"

"அங்க அழிச்சுட்டாங்க சார். ஆனா அதுக்கு முன்னாடியே டிவி திரைக்கு நேரா ஃபிலிம் கேமராவ வெச்சுக் காப்பி எடுத்து வெளிநாட்டுக்கெல்லாம் வித்திருக்காங்க. கனடாவுக்கு வந்தது ஒண்ணு இங்க தங்கிடுச்சு."

"போட்டுப் பாத்திட்டீரோ?"

"இல்ல சார். ரீல் சுருங்கிப் போச்சு. ஒரு தடவதான் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு எல்லாரும் சேர்ந்துதான் பாக்கப் போறோம்."

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். கிறகரி லண்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கன்டீனில் தட்டுக் கழுவினார். அந்தக் காலத்து நாடகத்தை மேடை நாடகம் போல நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவார்கள். பிரேதமாகக் கிடக்க வேண்டியவன் அன்று தடிமனும் இருமலுமாக வந்தான். பிரேதம் இருமினால் முழு நாடகமும் முதலிலிருந்து. யாரோ கன்டீன் கதவைத் திறந்து இருமாத ஒருவனைத் தேடினார்கள். முகத்தை மூடப்போகிறோம், ஆகவே நிறம் பரவாயில்லை என்றார்கள். துணிக்குக் கீழே கிடந்தபோது ஒரு பெண் வந்து காலில் எதையோ பூசினாள். ஏன் பூசுகிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. மகளின் அழுகையைத் தவிர, கிறகரி சந்தேகப்படாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

இலை உதிர்ந்து முடிகிற பருவத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் போனார்கள். லொங்குய்யிலிருந்து பாலம் தாண்டி மொன்ட்ரியால் தீவின் மறுகோடிக்கு றோசலின் வந்து சேர்ந்ததே அவருடைய சந்தேகத்தின் ஆழத்தைக் காட்டியது. மண்டபத்தில் சில வெள்ளைக்கார முதியவர்கள் கம்பளி உடுப்போடு இருந்தார்கள். றஜிந்தனும் ஜெயனியும் பின்வரிசையில் இரண்டு கதிரை இடைவெளி விட்டு, பழக்கமில்லாதவர்கள் போல் உட்கார்ந்தார்கள்.

முதலில் ரெயில் சரக்கு நிலையம் ஒன்றைப் பற்றிய டாக்குமெண்டரி. விளக்கம் சொல்லும் குரலே இல்லை. பெட்டிகள் மோதும் சத்தம், தொழிலாளிகளின் பகிடி, மழை.

"இதிலை நீங்கள் எங்கை?" என்று கேட்டார் றோசலின்.

"இதிலை இல்லை."

அடுத்து ஒரு குறும்படம். தொழிற்சாலை வாசலில் ஒரு பெண் குழந்தை வண்டியோடு காத்து நிற்கிறாள். சங்கு ஊதி எல்லோரும் போய்விடுகிறார்கள், அவள் மட்டும் நிற்கிறாள். இமெல்டாவுக்குக் கண் கலங்கியது. கிறகரி, அவன் பின்கதவால் போயிருப்பான் என்று கணக்குப் போட்டார்.

"இதிலையும் இல்லையோ?"

"பொறுங்கோ றோசலின்."

பிறகு நாடகம். தொலைக்காட்சிக் கண்ணாடியைப் பார்த்து எடுத்த படமாதலால் ஓரங்கள் வளைந்து, கோடு கோடாக ஓடியது. ஆசுபத்திரி. கதவு திறந்தது. கழுத்தில் குழாயோடு டொக்டர் வந்தார். ஓங்கி வளர்ந்த, பூனைக்கண் வெள்ளைக்காரர்.

றோசலின் மெல்லத் திரும்பினார். "இவரோ நீங்கள்?"

"மேக்கப்," என்றார் கிறகரி.

"மூக்கு?"

"அதுவும்தான்."

"குரல்?"

"அப்ப எனக்கு அந்தக் குரல்தான்."

றோசலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அது கேள்விகளைவிடப் பயமாக இருந்தது. பின்வரிசையில் ஜெயனியின் கதிரை கிறீச்சிட்டது.

திரையில் ஒரு தள்ளுவண்டி வந்தது. வெள்ளைத் துணியால் மூடிய பிரேதம். கதாநாயகி டொக்டரின் கையைப் பிடித்து அழத் தொடங்கினாள். நீண்ட அழுகை. கமரா அவளைச் சுற்றி வந்து வண்டியின் கால்மாட்டில் நின்றது. துணி எட்டவில்லை. சுண்ணாம்பு பூசியது போல வெளுத்த ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடது கால். இரண்டாம் விரல் பெருவிரலின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டார். றோசலின் முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் பார்த்தார்.

"அண்ணை," என்றார். "இது பெரிய வியாழனிலை கண்ட கால்."

கமரா போய்ப் போய் வந்தது. கால் அசையவில்லை. மண்டபத்தில் இருந்த கிறகரியும் அசையவில்லை. இரண்டு கிறகரியும் மூச்சுப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்சியைக் கடந்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. பார்கவி மைக்குக்கு முன்னால் கையிலிருந்த கடதாசியையும் கிறகரியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எழும்பிப் போனார். ஒரு முதியவர், அந்தப் பாத்திரத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். கிறகரி றோசலினைப் பார்த்தார். பின்வரிசையில் மகளைப் பார்த்தார்.

"மூச்சு விடவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அதுதான் என் கால்."

விளங்கியவர்கள் சிரித்தார்கள், விளங்காதவர்கள் கை தட்டினார்கள்.

"டாக்டர்னு சொன்னீங்களே சார்," என்றாள் பார்கவி மெல்ல.

"அப்ப நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை."

"நான் மொதல்லயே சொன்னேனே சார்."

"அதாலைதான்."

வெளியே ஆற்றுக் காற்று கன்னத்தை அறுத்தது. கார்களுக்கு நடுவில் நின்று றோசலின் தீர்ப்புச் சொன்னார்.

"உங்களைப் பற்றிச் சனம் சொன்னது, லண்டனே போகேல்லை எண்டு. போயிருக்கிறியள். நீங்கள் சொன்னது, டொக்டர் எண்டு. அது பொய். பாதிக்குப் பாதி. எங்கடை சனத்துக்கை இது நல்ல விகிதம், அண்ணை. நான் விசாரிச்ச மற்ற வீடுகளிலை இவ்வளவும் தேறேல்லை." கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்களுக்குச் சம்மதம். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பேந்து நாளைப் பாப்பம்."

ஜெயனி அங்கேயே அழுதாள். றஜிந்தன் இடைவெளியை மறந்தான். இமெல்டா வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். கிறகரி மட்டும் கார்க் கண்ணாடி வழியே வெறித்துக்கொண்டிருந்தார்.

"இனி என்ன?" என்றார் இமெல்டா.

"உவ்வளவு கெதியா ஏன் ஓமெண்டவ?"

"பிள்ளையின்ரை நல்ல காலம்."

"பொய்யெண்டு கண்ணாலை கண்டும் ஓமெண்டுறா. அப்ப அவையின்ரை வீட்டிலை எவ்வளவு கிடக்கும்? பெடியனை நாங்கள் விசாரிச்சனாங்களோ? ஒருத்தரும் விசாரிக்கேல்லை."

இமெல்டா செபமாலையை முதல் மணியிலிருந்து திரும்பத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கிறகரி குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்கவிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, லொங்குய்யிலையும் பழைய படங்கள் கிடக்குமெல்லே?"

"தெரியல சார். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். ஒருக்கால் போய் விசாரிச்சுப் பாருமன்." கிறகரி குரலைத் தாழ்த்தினார். "கடையிலை இருந்து தொடங்கும்."