ஹார்ன் அடித்தால்தான் கிறிஸ்துமஸ்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நான் சொல்லாவிட்டாலும் அரைமணி நேரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பிள்ளைகள் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தால், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்வார். சாப்பிடும்போது எதிரே இருக்கும் கண்ணாடி அலமாரியில் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். தூக்கத்தில் திடீரென்று வலது கால் பிரேக் போடும். பெடல் என் கணுக்கால். காலையில் நான் நொண்டிக்கொண்டு நடந்தால், "என்னாச்சும்மா?" என்று அக்கறையாகக் கேட்பார் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒன்று. மனுஷர் ஹார்ன் அடிக்க மாட்டார். குறுக்கே நாய் படுத்திருந்தால் பஸ்ஸை நிறுத்தி, அது எழுந்து, சோம்பல் முறித்து, நிதானமாக நகரும்வரை காத்திருப்பார். அவசரமாக ஆபீஸ் போகிற ஜனங்கள் பின்னாலிருந்து கத்துவார்கள். "அதுக்கும் எங்கயோ போகணும்ல" என்பார். வருஷம் முழுக்க அப்படித் தொடாத ஹார்னை அவர் தேவையில்லாமல் அடிப்பது ஒரே நாளில்தான். கிறிஸ்துமஸ் அன்று, எங்கள் தெருமுனை ஸ்டாப்பில், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பாம், பாம், பாஆஆம்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு எதற்கு டூட்டி என்று கேட்பீர்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் கேட்டேன். அவருக்கு முறைப்படி லீவு வரும். வந்த லீவை யாராவது வந்து கேட்பார்கள். ஒருத்தருக்குப் புதுக் கல்யாணம், ஒருத்தருக்கு வெளியூரிலிருந்து மாமனார் வருகிறார். அதிகம் கேட்டவர் டிப்போவில் எல்லாரும் மீசை என்று கூப்பிடும் டிரைவர். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தால் விஷயம் ஒன்றுமில்லை, தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் லீவு போச்சு என்று நான் தெரிந்துகொள்வேன். முடியாது என்று சொல்கிற வாயை ஆண்டவன் என் வீட்டுக்காரருக்கு வைக்கவேயில்லை. அந்த வாயையும் சேர்த்து எனக்கு வைத்துவிட்டான்.

"ஊருக்கெல்லாம் லீவ வாரி வழங்குங்க. உங்க பிள்ளைங்க மட்டும் எதிர்வீட்டு அப்பாவப் பாத்து கிறிஸ்துமஸ் கொண்டாடட்டும்" என்பேன். காதைச் சொறிந்துகொண்டு நிற்பார். இப்படி நிற்கிறவரிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது?

பெரியவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் காலையில் ஒரே அழுகை. அப்பா வேண்டுமாம். கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்திருந்த பரிசுப் பெட்டியைத் தொடவே மாட்டேன் என்றாள். வேறு வழி தெரியாமல் புதுச் சட்டையோடு அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய், அப்பாவின் பஸ் வரும்வரை நின்றேன். பஸ் வந்தது. அழுத மூஞ்சியைப் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சீட்டை விட்டு இறங்கவும் முடியாது. கைக்குக் கிடைத்தது ஹார்ன்தான். பாம், பாம், பாஆஆம்! குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கிழித்து எறிந்தது.

அவ்வளவுதான், அடுத்த வருஷத்திலிருந்து அது சட்டம். முந்தின நாள் சாயங்காலமே சர்ச்சுக்குப் போய் வந்துவிடுவோம். காலையில் குளித்து, புதுசு போட்டு, மரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்பா ஹார்ன் அடித்தால்தான் பெட்டி பிரிக்கலாம், ஹார்ன் அடித்தால்தான் கேக் வெட்டலாம். சின்னவன் பிறந்தபின் அவனுக்கும் தாய்ப்பாலோடு அந்தச் சட்டத்தை ஊட்டிவிட்டாள். அவனுக்கு இப்போது நாலு வயது. அக்கா மறந்தாலும் அவன் மறக்கமாட்டான்.

இதில் ஒரு விஷயம். இவர்கள் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் விடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து, கேக் தின்று முடித்து, சும்மா டாட்டா காட்டத்தான் ஸ்டாப்புக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெரிய கேக்கோடு ஒரு குட்டிக் கிண்ணத்தில் தனியாகவும் ஒன்று சுட்டு, பஸ்ஸில் அவர் கையில் கொடுப்போம். பெரிய கேக்கிலிருந்து வெட்டியது என்று நினைத்துத் தின்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது தரையெல்லாம் கிழிந்த காகிதம், தட்டில் பாதி கேக். "காலையிலேயே பிரிச்சாச்சா?" என்பார். "ஆமாம்ப்பா" என்பார்கள். பொய்யும் இல்லை.

சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தது நான்தான். நான் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். பெயர் கேட்டு, உட்காரச் சொல்லி, முறை வந்ததும் உள்ளே அனுப்பவேண்டும். காத்திருக்கிற முகங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் எங்கள் டாக்டருக்கே கை நடுங்கும். இவர் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இரண்டு குழந்தை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் கால் தானாக ஒரு அழுத்து அழுத்தும். வேண்டாம் சாமி. மெதுவாகவே வரட்டும்.

இந்த வருஷம் மீசை எங்கள் வீட்டுக்கே வந்தார். மீசை முறுக்கிவிட்டிருந்தது.

"அண்ணி, இந்த கிறிஸ்துமஸ்க்கு அண்ணன் வண்டிய நான் ஓட்றேன். ஒவ்வொரு வருஷமும் நான் கேட்டுக் கேட்டு, எனக்கே வெக்கமா இருக்கு. அண்ணன் வீட்ல இருக்கட்டும்."

"இத சொல்றதுக்கு இத்தனை வருஷமா உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, மனசு கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டையை நாலு தடவை போட்டுப் பார்த்தார். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெட்டியப் பிரிக்கிறப்ப அதுங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லம்மா. அது ஒண்ணு பாத்துட்டாப் போதும்." இந்த மனுஷர் லீவைக் கொடுத்துவிட்டு வந்து காதைச் சொறிந்ததெல்லாம் இந்த ஆசையை வைத்துக்கொண்டுதானா?

கிறிஸ்துமஸ் காலை. அவர் எல்லாருக்கும் முன்னால் குளித்து, தலைவாரி, நாற்காலியை மரத்துக்கு நேராக இழுத்துப் போட்டு, முதல் வரிசையில் சினிமா பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"ம், ஆரம்பிங்க!"

ஒருத்தரும் அசையவில்லை. சின்னவன் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்தான்.

"அப்பா, நீ இன்னும் டூட்டிக்குப் போகல?"

"இன்னிக்கு அப்பாவுக்கு லீவுடா, ராஜா!"

"அப்ப கிறிஸ்துமஸ்?"

"இதான்டா கிறிஸ்துமஸ். பிரி, பிரி."

அவன் உதடு பிதுங்கியது. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அப்பாவுக்கு லீவு, லீவு என்று ஒரு வாரமாகக் குதித்தோமே, லீவு என்றால் ஹார்ன் இல்லை என்று எங்கள் மூன்று பேரில் ஒரு மண்டைக்காவது உறைத்ததா? இல்லை. நல்ல குடும்பம்.

"நீ டூட்டிக்குப் போப்பா!" என்று சின்னவன் ஓவென்று அழ ஆரம்பித்தான். "போப்பா, பஸ்ல போப்பா!"

அவர் முகம் விழுந்ததைப் பார்க்கவேண்டுமே. இத்தனை வருஷம் ஏங்கிக் கிடைத்த நாளில் பெற்ற பிள்ளை வெளியே போ என்கிறது. "நான் இருந்தா உனக்குப் பிடிக்கலையாடா?" என்று கேட்டார்.

பெரியவளுக்குத் தாங்கவில்லை. "அப்படியில்லப்பா. நீ ஹார்ன் அடிச்சாத்தான் பிரிக்கணும். எப்பவும் அப்படித்தான். அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு" என்று போட்டு உடைத்தாள்.

அவர் உடனே வாயைக் குவித்து, "பாம், பாம், பாஆஆம்" என்றார்.

"அது வாய்" என்றான் சின்னவன், அழுகைக்கு நடுவில்.

அப்போதுதான் அவருக்கு மெல்லப் புரிந்தது. என் பக்கம் திரும்பினார். "எல்லா வருஷமுமா? நான் வர்ற வரைக்கும் தொடாம உக்காந்திருப்பாங்களா?"

"ஆமா."

"பசியோடயா?"

"பசியோட போடுவனா? பிஸ்கட் குடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நாய் எந்திரிக்கற வரைக்கும் நிப்பீங்களா?"

அவர் கேக்கின் மேல் மூடியிருந்த வலைக்கூடையையும், பிரிக்காத பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் முகம் வந்துவிட்டது.

"மீசை இப்ப பாலம் இறங்கியிருப்பான். செருப்பப் போடுங்க எல்லாரும். படியில நிக்காதீங்க!"

ஸ்டாப்பில்தான் வேடிக்கை. பஸ் ஓட்டத் தெரிந்த மனுஷருக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறார். ரோட்டில் இறங்கி எட்டிப் பார்க்கிறார். "அப்பா, மேல ஏறி நில்லு. அம்மா திட்டும்" என்று சின்னவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். பெரியவள் விளக்கினாள்: "பஸ் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தெரியும்ப்பா. மொதல்ல அந்தக் கட்டடத்து மேல இருக்கற புறா பறக்கும். அப்புறம் தரை லேசா அதிரும். அப்புறம்தான் சத்தம்." கால் கட்டைவிரலை ஊன்றிக் காட்டினாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஊன்றினார்.

புறா பறக்கவில்லை.

"இவ்ளோ நேரமா நிப்பீங்க?" என்றார்.

"இது கொஞ்ச நேரம்தான்ப்பா. போன வருஷம் நீ ரொம்ப லேட்டு. தம்பி நின்னுக்கிட்டே தூங்கிட்டான்."

போன வருஷம் வழியில் டயர் போய்விட்டது. எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவருக்கும் இருந்திருக்கவேண்டும். தூசி விழுந்ததுபோல் கண்ணைக் கசக்கினார். தெருவில் அன்று தூசியே இல்லை. நான் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

புறாக்கள் பறந்தன. "வந்திருச்சு!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். மூன்றாவது ஆள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் சீட்டில் மீசை.

"என்னண்ணே, லீவு குடுத்தாலும் வண்டிய விட மாட்டியா?"

"ஒரு ஹார்ன் அடிடா."

மீசை குழப்பத்தோடு ஒரு அடி அடித்தார். பாம்.

"தப்பு" என்றான் சின்னவன்.

"ரெண்டு குட்டை, ஒரு நெட்டை" என்றாள் பெரியவள். மீசை நெட்டையை முதலில் அடித்தார். சின்னவன் உதடு மறுபடி பிதுங்க ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்றார்.

"இல்லைங்க, கிறிஸ்துமஸ்" என்றார் மீசை.

என் வீட்டுக்காரர் அதற்குமேல் பொறுக்கவில்லை. வெறுங்காலோடு படியில் ஏறினார், படியிலேயே நின்றார், மீசையின் தோளுக்கு மேல் கையை நீட்டி அடித்தார். பாம், பாம், பாஆஆம்! பஸ்ஸே கை தட்டியது. எதற்கு என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் இரண்டும் நடைபாதையில் குதித்த குதியில் எனக்கும் குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதித்தேன்.

பெரியவள் கிண்ணக் கேக்கை நீட்டினாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கை நீட்டினார்.

"உனக்கில்லப்பா" என்றான் சின்னவன். "டிரைவருக்கு."

மீசை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, மீசையெல்லாம் துகளாக, கதவை மூடி, பஸ்ஸை எடுத்தார்.

சின்னவன் ஒவ்வொரு வருஷமும் பஸ் முனை திரும்பி மறையும்வரை டாட்டா காட்டுவான். இந்த வருஷமும் காட்டினான். "போய்ட்டு வாப்பா! போய்ட்டு வாப்பா!" என்று கத்தினான். பஸ் மறைந்தது. எப்போதும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படி நின்றுவிட்டுத் திரும்பினான். பின்னால் அவன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ போகல?"

"போகலடா."

ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டவன்தான், வீடுவரை விடவில்லை. ஒரு காலில் பிள்ளையைச் சுமந்துகொண்டு நொண்டி நொண்டி வந்தார். நல்லா வேணும், என் கணுக்கால் பட்ட பாடு அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் வலைக்கூடையைத் தூக்கிவிட்டு, கத்தியை அப்பா கையில் கொடுத்தாள். அவர் வெட்டவில்லை. கத்தியைப் பிடித்தபடி கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கருகிப்போச்சா?" என்று பதறினேன்.

"இல்லம்மா" என்றார். "முழு கேக்க நான் பாத்ததே இல்ல. நம்ம வீட்டு கேக் இவ்ளோ பெருசா?"