மாமாவிடம் ரீத்தா கேட்டது

1982 பொங்கல் கழிந்த வாரம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் என்ன கட்டி என்று தெரியும் என்றார் டாக்டர். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. வீட்டில் ஏழு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள்.

நான் பெற்ற பிள்ளைகள் அல்ல. நானும் என் கணவரும் நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்துவிட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் அநாதை இல்லத்திலிருந்து அக்காள் தங்கை இருவரையும் எடுத்து வளர்த்தோம். என் தம்பி அந்தோணிக்கு அது பிடிக்கவில்லை. "இந்த வயசுல உனக்கு இது தேவையாக்கா?" என்று கேட்டுவிட்டு மூலக்குளத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவன், பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறு வருடம் என் கணவர் மாரடைப்பில் இறந்தபோது கல்லறை வரை வந்தான். பிள்ளைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவு தெரியாது. சின்னவள் மார்த்தா, "பள்ளிக்கூடத்துல உன்ன எங்க ஆயான்னு சொல்றாங்க. நீ ஆயாவா, அம்மாவா?" என்பாள்.

"அம்மாதான்."

"அப்ப ஏன் கெழவியா இருக்க?"

அதையெல்லாம் சிரித்துச் சமாளித்தேன். ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்கும்போது பெரியவள் ரீத்தா கேட்டாள்.

"அப்பா மாதிரி நீயும் செத்துட்டா நாங்க திரும்ப இல்லத்துக்கே போவணுமா?"

அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அங்கேயே நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, ஆயுசு கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீர் தருவதைத் தாரும். இந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதில் கொடும். பொய்யாக இல்லாத பதில்." தினமும் அதையே கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு செலின் பிள்ளைகளை வார்டுக்கு அழைத்து வந்திருந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை, அந்தோணியும் வந்தான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டானாம். கட்டிலோரம் நின்றான். அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பஸ் உடனே கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன்.

ரீத்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் எங்க மாமாவா?"

"ஆமா."

"அம்மா செத்துட்டா நாங்க உங்க வூட்டுக்கு வரலாமா?"

செலின் அவளை அதட்டப் போனாள். அந்தோணி கையைக் காட்டித் தடுத்தான். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"வரலாம். அதுக்காவ உங்கம்மா சாவ வேணாம். இன்னிக்கே வாங்க."

"தங்கச்சியும்?"

"தங்கச்சியும்தான்."

அன்றே இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். நான் தேறி வரும்வரை அவன் மனைவிதான் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டாள்.

எடுத்த கட்டி ஆபத்தில்லாதது என்று பிறகு தெரிந்தது. ஜெபக்கூட்டத்தில் நான் பிழைத்ததைத்தான் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள். அதற்கும் ஆண்டவருக்கு நன்றி. ஆனால் நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் ஆபரேஷனுக்கு முந்தின நாளே கிடைத்துவிட்டது. நான் கேட்கத் தயங்கியதைக் கேட்க அவர் அந்தப் பிள்ளையின் வாயை எடுத்துக்கொண்டார்.

உங்களுக்கும் சொல்லவே பயப்படுகிற ஒன்று இருக்கலாம். அலங்காரம் பண்ணாமல் அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்தபின் ரீத்தா மறுபடியும், நான் செத்துவிட்டால் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று கேட்டாள். "அப்ப நீங்க மாமா வூட்டுக்குப் போவீங்க" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.