கெஞ்சலுக்குப் பன்னிரண்டு சொல்

தூத்துக்குடிக் கஸ்டம்ஸ் கட்டடத்துக்கு எதிரே, பூவரச மரத்தடியில் மேசை போட்டு இங்கிலீஷில் மனு எழுதிக்கொடுத்தவர் ஆறுமுகநயினார். பக்கத்தில் வெற்றிலைக்கடை வைத்திருந்த எனக்கு அவர் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"அண்ணாச்சி, இங்கிலீஷ்ல பெக்னா கெஞ்சிக் கேக்குதது. அதுக்கு நம்மகிட்ட பன்னிரண்டு சொல்லு இருக்கு" என்பார்.

குழாய்த் தண்ணீருக்கு ரிக்வெஸ்ட் போதும். உப்பள லைசென்சுக்கு சாலிசிட். கலெக்டருக்குப் போகிற மனு என்றால் ப்ரே. வேலை போனவனுக்கு என்ட்ரீட், தூக்குத் தண்டனைக்காரனுக்கு இம்ப்ளோர். ஆளின் கஷ்டத்தைப் பார்த்துச் சொல்லை எடுப்பார். ஒரே சொல் இரண்டு தடவை வந்துவிட்டால் தாளைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவார். அப்படி ஒரு கிறுக்கு.

நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்தான் என்று அவருடைய ஒரே மகன் காசிலிங்கத்தைப் பிடித்துப் போனார்கள். இரண்டு வருஷத் தண்டனை. ஆறாம் மாதமே ரத்தபேதி கண்டு எலும்பும் தோலுமாகிவிட்டான் என்று சேதி வந்தது. உடம்பைக் காரணம் காட்டி மனுப் போட்டால் விட்டுவிடுவார்களாம். ஆனால் கைதி கையெழுத்துப் போட வேண்டும். அவனோ, கெஞ்சுகிற சொல் ஒன்று இருந்தாலும் போடமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான்.

ஆறுமுகநயினார் மூன்று நாள் யாருக்கும் மனு எழுதவில்லை. பன்னிரண்டு சொல்லையும் புரட்டிப் பார்த்தார். எல்லாமே குனிந்துதான் நின்றன. கடைசியில் ஒன்றையும் சேர்க்காமல், நோய் இன்னது, டாக்டர் சொன்னது இன்னது, விடுதலை வேண்டும் என்று நான்கே வரி எழுதினார். அவர் எழுதியதிலேயே மொட்டையான மனு அதுதான்.

துணைக்கு நானும் சிறைக்குப் போனேன். காசிலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். மனுவை வாங்கி மெதுவாகப் படித்தவன், கடைசி வரியில் விரலை வைத்தான்.

"எப்பா, இங்கன பெக் இருக்கே."

ஆறுமுகநயினார் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாக எல்லா மனுவுக்கும் அடியில் எழுதி எழுதி, கை தானாகவே எழுதியிருந்தது: ஐ பெக் டு ரிமெய்ன், சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்.

"ஏலே, அது சும்மா முடிக்கதுக்கு எழுதுததுலே. அதுக்கு அர்த்தமே கிடையாது."

"அர்த்தம் இல்லாததை ஏம்ப்பா எழுதுதிய?"

அடித்தல் திருத்தல் இருந்தால் மனுவை வாங்கமாட்டார்கள். யுத்தகாலத்தில் வேறு நல்ல தாளுக்கு அங்கே எங்கே போவது? "கையெழுத்துப் போட்டுருலே, ஒங்கம்மை சாப்பிட்டு நாலு நாளாச்சி" என்று ஆறுமுகநயினார் அழுதார். வாயால் அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் தலையை ஆட்டிவிட்டான். அடுத்த சந்திப்புக்கு ஒரு மாதம் என்றார்கள்.

பிள்ளையின் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் போகவில்லை.

புது மனு அன்றிரவே எழுதி முடித்தாகிவிட்டது, கடைசி வரி இல்லாமல். அது மேசையிலேயே கிடந்தது. பதினெட்டாம் நாள் தந்தி வந்தது.

உடலைக் கொடுங்கள் என்று ஜெயிலுக்கு ஒரு மனு எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டு சொல்லையும் அதில் எழுதினார் ஆறுமுகநயினார். அந்த மனுவுக்குக் காசிலிங்கத்தின் கையெழுத்து தேவைப்படவில்லை.