தங்கச்சி கேட்ட வயலின்

"எல்லாப் பொண்ணுக்கும் வாசிச்சதையே எனக்கும் வாசிக்காதக்கா. நான் உள்ள வர்றப்போ வயலின் வேணும்."

நிச்சயம் முடிந்து வந்த அன்றே தங்கச்சி இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினைந்து வருடமாக எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள் நான். சபையில் கல்யாணமான அத்தனை பெண்களும் என் வாசிப்புக்குத்தான் நடந்து வந்தார்கள். இவளுக்கு மட்டும் அது ஆகாதாம்!

"வயலினுக்கு நான் எங்க புள்ள போவேன்?" என்றேன்.

"கத்துக்கோ. எட்டு மாசம் இருக்குதல்லோ" என்றாள், ஏதோ ஊறுகாய் போடச் சொல்வது மாதிரி.

அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் வேலை. அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் வயலின் வாசிப்பாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளிடம் கற்றுக்கொள்ளப் போவேன். மற்ற நாட்களில் காலை ஐந்தரைக்கே எழுந்து வீட்டில் வாசிப்பேன். லைன் வீட்டில் இரண்டு குடித்தனத்துக்கு நடுவே ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டு பீகார்க்காரப் பெண் இரண்டாம் நாளே வந்து, "அக்கா, பூனைக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உண்மையான சிக்கல் வேறு. எனக்குக் கீபோர்டில் தெரிந்தது ஒரே சுருதிதான். சபையில் யார் எந்தச் சுருதியில் பாட்டைத் தொடங்கினாலும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி அந்த உயரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ விட்டுவிடுவேன். விரல் மட்டும் பழகிய கட்டைகளிலேயே ஓடும். இந்தப் பக்கம் கீபோர்டு வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் பிழைப்பு அந்தப் பொத்தானில்தான் ஓடுகிறது. வயலினில் அதற்கு எங்கே போவது? "அந்தப் பட்டன மறந்துருங்கக்கா" என்று வயலின் சொல்லித்தருகிறவள் கெஞ்சாத வாரம் இல்லை.

நான் அதை மறக்கவில்லை, கீபோர்டைத்தான் மறந்தேன். இடது கை விரல்நுனி காய்த்துப்போய், கட்டை தொட்டால் யாரோ தொடுகிற மாதிரி இருந்தது. ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டின் நடுவே கை நின்றுவிட்டது. பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கம்மா, ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். எனக்கு மானமே போயிற்று. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிளையே கீபோர்டாக நினைத்துத் தட்டிப் பழகினேன்.

கல்யாணத்தன்று பாட்டுக் குழுவுக்குக் கடைசி ஒத்திகை. பெண்கள் உயரமாக எடுத்தார்கள். டிரான்ஸ்போஸை மூன்று ஏற்றி வாசித்தேன். அது முடிந்ததும் வயலினை எடுத்து, கீபோர்டை ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்க்க உட்கார்ந்தேன். மூன்று தந்தியும் இறங்கிக் கிடந்தன. வெயில் இல்லையா, இறங்கத்தான் செய்யும் என்று ஏற்றினேன். நான்காவது, இருப்பதிலேயே மெல்லிய மேல்தந்தி, முறுக்க முறுக்கச் சேரவே இல்லை. இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். பட்டென்று அறுந்து மணிக்கட்டில் அடித்தது.

அப்புறம்தான் பொத்தானைப் பார்த்தேன். பிளஸ் மூன்று. ஒத்திகைக்கு ஏற்றியதை இறக்காமலே, அந்த உயரத்துக்குத் தந்திகளை முறுக்கியிருக்கிறேன். அட பைத்தியக்காரி! மாற்றுத் தந்தி ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாள் சொல்லித்தந்தவள், அதையும் வாங்கவில்லை. வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மற்ற மூன்று தந்தியும் எந்த நேரம் போகுமோ என்று விறைத்துக்கொண்டு நின்றன. வயலினைப் பெஞ்சில் போட்டுவிட்டுக் கீபோர்டில் கை வைத்தேன்.

சபை எழுந்து நின்றது. வாசலில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் புடவையில் அவள். என் கீபோர்டு கேட்டது. அவள் நகரவில்லை. அப்பா ஓரடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தலைகள் எல்லாம் ஒன்றொன்றாக என் பக்கம் திரும்பின. அவள் அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. அம்மா போன அன்று, பதினொரு வயதில் என்னைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கீபோர்டை நிறுத்தினேன். அறுந்த தந்தி தொங்கத் தொங்க வயலினைத் தோளில் வைத்தேன். எட்டு மாதம் பழகிய பாட்டில் பாதி அந்த மேல்தந்தியில்தான் இருந்தது. கீழ்த்தந்திகளில் இடம் தேடித் தேடி வாசித்தேன். இரண்டு இடத்தில் அபசுரம், ஓரிடத்தில் ஒன்றுமே கிடைக்காமல் வில் சும்மா நின்றது. அவள் நடக்கத் தொடங்கினாள்.

நான் வாசித்து முடிப்பதற்குள் பீடத்துக்கு அருகே வந்துவிட்டாள். மாப்பிள்ளை கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல் என்னிடம் வந்து, வில் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன கல்யாணத்துல நீ வாசிச்சுப் பாத்திருக்கேன். உன் கை நடுங்கி இன்னைக்குத்தான்க்கா பாக்கறேன்."

"போ புள்ள, மாப்பிள்ள நிக்கறாரு" என்றேன்.

அவள் கையை விடவில்லை.